பிள்ளையோடு ஜெர்மனிக்கு வருபவர்களுக்கு: பெயர், பதிவு, கீட்டா, வீட்டு மொழி

கணவன் மனைவியில் ஒருவர் தமிழர். மற்றவர் வங்காளியாகவோ போலந்துக்காரராகவோ ஜெர்மானியராகவோ இருக்கிறார். பள்ளி வயது ஆகாத பிள்ளை ஒன்றும் உண்டு. வேலை நிமித்தம் இப்படிக் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருகிறீர்கள் என்றால் இந்தக் குறிப்புகள் உங்களுக்கானவை.

இங்கே ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். முகவரி இல்லாமல் பதிவு கிடையாது, பதிவு இல்லாமல் வரி எண் கிடையாது, வரி எண் இல்லாமல் பிள்ளைக்கான உதவித்தொகை கிடையாது. குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகப் பெயர் எழுதியிருந்தால் முதல் படியிலேயே சிக்கல் வரும். அதனால் பெட்டி கட்டும் முன் பெயரைச் சரிபாருங்கள்.

பெயரும் சான்றிதழும்

ஜெர்மன் படிவங்களில் பெயருக்கு இரண்டே கட்டங்கள். ஃபோர்நாமெ என்பது சொந்தப் பெயர், நாக்நாமெ என்பது குடும்பப் பெயர். இனிஷியலுக்கு இடமே இல்லை. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அதில் அப்பா பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் 'இளவரசி காத்தமுத்து', பட்டச் சான்றிதழில் 'கே. இளவரசி', திருமணச் சான்றிதழில் கணவர் பெயரோடு சேர்ந்து இன்னொன்று என்று இருந்தால், இங்குள்ள அதிகாரிக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள். அவர் பிடிவாதக்காரர் என்று நினைக்க வேண்டாம், இனிஷியல் என்ற வழக்கமே அவருக்குத் தெரியாது.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்குப் பொருந்த வையுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை நிரப்பிப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுவது நல்லது. இங்கே வந்த பிறகு மாற்றினால் குடியிருப்பு அட்டை, வங்கி, காப்பீடு எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டிவரும்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்த உடனே வாங்கிய சான்றிதழில் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அது இங்கே செல்லாது. பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். திருமணத்துக்கும் பதிவுச் சான்றிதழ் வேண்டும். கோயில் ரசீதும் அழைப்பிதழும் போதாது. இருவரும் வேறு வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். அதற்கு 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு என்பதால் பயணத் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

இன்னொன்று, இதில் பணம் இழப்பவர்கள் நிறைய. இந்தியச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் எனும் சர்வதேச அத்தாட்சி முத்திரை வாங்கித் தருவதாக முகவர்கள் சொல்வார்கள். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் அந்த முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை. சந்தேகம் வந்தால் ஜெர்மன் அலுவலகம் இந்தியாவிலுள்ள தன் தூதரகத்தின் வழியே சான்றிதழை நேரில் விசாரிக்கச் சொல்லும். அதற்குக் கட்டணமும் சில மாதங்களும் ஆகும். இங்கேயே கல்யாணம் பதிவு செய்ய நினைப்பவர்கள், பிரசவம் ஆகப்போகிறவர்கள் இந்தக் காலத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைவரின் விசாவில் ஒரு வேறுபாடு. உங்களிடம் ப்ளூ கார்டு எனும் உயர்தகுதி வேலை அனுமதி இருந்தால் உங்கள் துணைவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை, வந்த நாளிலிருந்து வேலையும் செய்யலாம். நீங்கள் ஜெர்மானியரை மணந்து அந்த அடிப்படையில் வருகிறீர்கள் என்றால் பொதுவாக ஏ1 எனும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். துணைவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவராக இருந்து இங்கே வேலை செய்தால், ஏ1 கேட்க மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம்

வீட்டில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதன் பெயர் அன்மெல்டுங். வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட வசிப்புச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. குறுகிய கால வாடகை வீடுகள் பலவற்றில் இந்தச் சான்றைத் தர மறுப்பார்கள். முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய நகரங்களில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஊரிலிருந்தே இணையத்தில் நேரத்தைப் பிடித்துவிடுங்கள். திருமணச் சான்றிதழையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அன்றே காட்டுங்கள். காட்டாவிட்டால் திருமணமானவர் என்று பதிவாகாமல் போகலாம். அப்போது சம்பளத்தில் தனி ஆளுக்கான வரி பிடிப்பார்கள்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது லுத்தரன் வழித் திருச்சபையினர் என்று எழுதினால் சம்பளத்திலிருந்து திருச்சபை வரி பிடிக்கப்படும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் வருமான வரித்தொகையில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இது தெரியாமல் எழுதிவிட்டு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்கின்றன. எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இருவரும் வேறு வேறு மதம் என்றால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

பதிவு முடிந்த அன்றைக்கே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். இங்கே கதவு எண் கிடையாது. ஒரு கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும் தபால்காரர் பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். 11 இலக்க வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி இரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வரும். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் கடைசிப் பெயர் வேறாக இருந்தால் மூன்றையும் ஒட்ட வேண்டும். பிள்ளை பெயரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதனால் பிள்ளையின் வரி எண் வந்து சேர்வதே இல்லை.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். வேறு வேறு பெயர் என்பதால் இருவருக்கும் தனித்தனிக் கடிதம் வரும். ஒருவர் கட்டினால் போதும். மற்றவர் அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். சும்மா விட்டால் இரண்டாவது கணக்கும் ஓட ஆரம்பித்துவிடும்.

வரி எண்கள் வந்ததும் கிண்டர்கெல்ட் எனும் பிள்ளைத் தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. தாமதித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்கு மட்டுமே தருவார்கள்.

வீடும் அடுப்பும்

விளம்பரத்தில் கால்ட்மீட்டெ என்று இருப்பது வெறும் வாடகை. வார்ம்மீட்டெ என்பதில் வெப்பமூட்டும் செலவும் பராமரிப்பும் சேரும், மின்சாரம் பெரும்பாலும் சேராது. முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதை மூன்று தவணையில் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. பல வீடுகளில் சமையலறை என்பது நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும்தான், அடுப்பும் அலமாரியும் நீங்களே வாங்கிப் பொருத்த வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்கள் அலமாரி பொருத்திய சமையலறையைக் குறிக்கும் ஐன்பௌக்யுஹெ என்ற சொல் உள்ள விளம்பரங்களை மட்டும் பாருங்கள்.

அலுமினிய குக்கரும் இட்லிப் பானையும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரங்களை மட்டும் எடுத்து வாருங்கள். கிரைண்டருக்கு மின்னழுத்தம் பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குளிர்காலத்தில் மாவு புளிக்க, ஓவனைச் சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். நம் சமையலில் ஆவி அதிகம். ஜன்னலைச் சற்றே சாய்த்து வைப்பதால் பயனில்லை. சமைத்து முடித்ததும் முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடாவிட்டால் சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

மருத்துவம்

அரசுமுறைக் காப்பீட்டில் வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைக்கும் கூடுதல் கட்டணம் கிடையாது. தனியார் காப்பீட்டில் ஆளுக்கு ஆள் தனித்தனியே கட்ட வேண்டும். தொடக்கத்தில் மலிவாகத் தெரிந்தாலும் பிறகு அரசுமுறைக்குத் திரும்பி வருவது கடினம். சிறு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அரசுமுறைதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தடுப்பூசி அட்டையின் அசலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வோர் ஊசிக்கும் தேதியும் முத்திரையும் வேண்டும். 2020 மார்ச் முதல் தட்டம்மை ஊசிக்கு ஆதாரம் இல்லாத பிள்ளையைக் கீட்டா எனும் மழலையர் காப்பகத்தில் சேர்க்க முடியாது. ஒரு வயதுக்கு மேல் ஒரு தவணை, இரண்டு வயதுக்கு மேல் இரண்டு தவணை. பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி இங்கே வழக்கத்தில் இல்லை. தோளில் உள்ள தழும்பு அதனால் வந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை மருத்துவர்கள் பலர் புதியவர்களை எடுப்பதில்லை, வந்த வாரமே தேடுங்கள். இரவிலும் ஞாயிறிலும் மருத்துவர் தேவைப்பட்டால் 116117 என்ற எண்ணை அழையுங்கள், உயிராபத்து என்றால் 112.

கீட்டா

கீட்டா என்பது மழலையர் காப்பகம். ஒரு வயது முடிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2013 ஆகஸ்ட் முதல் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனாலும் வரிசை நீளம். பெர்லினில் முதலில் கீட்டா குட்ஷைன் எனும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சேரும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். மற்ற ஊர்களில் கட்டணமும் முறையும் வேறு. ஒரே ஒரு கீட்டாவில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திராமல் பத்து இடத்துக்காவது எழுதுங்கள், மாதம் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இடம் கிடைத்த அன்றே விட்டுவிட்டுப் போக முடியாது. ஐன்கெவோனுங் எனும் பழக்கப்படுத்தும் காலம் உண்டு. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ ஒரு மணி நேரம் போல அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். பிள்ளை அழுது தேறாவிட்டால் மறுபடி பொறுமையாகத் தொடங்குவார்கள். இரண்டு முதல் நான்கு வாரம், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். இருவரும் ஒரே நேரத்தில் புது வேலை தொடங்கினால் இது நடக்காது. ஒருவர் வேலையில் சேரும் தேதியை ஆறு வாரமாவது தள்ளி வையுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு விஷயத்தில். நாம் ஊட்டிவிட்டுப் பழக்குகிறோம், அங்கே ஒன்றரை வயதுப் பிள்ளையும் தானே கரண்டியில் எடுத்துச் சாப்பிடும். நாம் தூளியிலோ தோளிலோ தூங்க வைக்கிறோம், அங்கே தரையில் மெத்தை. இரண்டையும் இரண்டு மாதம் முன்பே வீட்டில் மாற்றிப் பழக்குங்கள், சிந்தினாலும் பரவாயில்லை. அரைஞாண், கறுப்புக் கயிறு, மை, வளையல் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தில் கிடக்கும் எதையும் பாதுகாப்புக்காகக் கழற்றச் சொல்வார்கள். மழைக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே போடும் செருப்பு, இரண்டு செட் மாற்றுத் துணி, எல்லாவற்றிலும் பெயர். மழை பெய்தாலும் வெளியேதான் விளையாட விடுவார்கள்.

முதல் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் வந்துகொண்டே இருக்கும். புதுச் சூழலில் புதுக் கிருமிகள், அவ்வளவுதான். பெற்றோரும் பிள்ளையும் அரசுமுறைக் காப்பீட்டில் இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதிய ஈடு உண்டு. மருத்துவரின் சான்று வேண்டும்.

வீட்டில் எந்த மொழி

அம்மா தமிழ், அப்பா ஜெர்மன் அல்லது இந்தி, இருவருக்குள் ஆங்கிலம், வெளியே ஜெர்மன். நான்கு மொழியைக் கேட்டுப் பெரியவர்கள்தான் பயப்படுகிறார்கள். ஒருவர் ஒரு மொழியில் உறுதியாக நின்றால் பிள்ளை பிரித்துக்கொள்ளும். தமிழ் பேசுபவர் பிள்ளையிடம் எப்போதும் தமிழ்தான், மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு வரியில் பொருள் சொல்லிவிட்டால் யாரும் மனம் கோண மாட்டார்கள்.

தமிழ் நழுவுவது கீட்டாவில் சேர்ந்த ஓராண்டுக்குள். பிள்ளை ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கும், களைப்பில் நாமும் ஜெர்மனுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடுவோம். திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். 'ஷூ எங்கே' என்று கேட்டதற்கு ஜெர்மனில் பதில் வந்தால், 'ஓ, கட்டிலுக்கு அடியில் இருக்கா?' என்று அதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். பிழையான ஜெர்மனை உங்களிடம் கற்பதைவிட நல்ல தமிழைக் கற்பதே பிள்ளைக்குப் பலம்.

தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். கீட்டா முடிந்து மாலை ஐந்துக்குக் கூப்பிட்டால் குளிர்காலத்தில் அங்கே இரவு ஒன்பதரை, பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள். சனி, ஞாயிறு காலை சிறந்தது. 'சாப்பிட்டியா' என்பதோடு நின்றால் பிள்ளை இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். பாட்டி பூக்கட்டுவதையோ காய் நறுக்குவதையோ காட்டிக்கொண்டே பேசட்டும்.

ஜெர்மனியின் பல ஊர்களில் ஈழத்தமிழர்கள் வார இறுதியில் தமிழாலயம் என்ற பள்ளிகளை நடத்துகிறார்கள். 1980-களில் போரால் புலம்பெயர்ந்து வந்தவர்கள் கட்டியெழுப்பியவை அவை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சேரலாம். பாடத்தில் 'கதைக்கிறேன்' என்று வரும், டிவி 'ரிவி' ஆகியிருக்கும். அது அவர்கள் தமிழ், பிழை என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். ஹாம் நகரில் 2002-இல் கட்டி முடித்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். தெரு நிறையத் தமிழ் கேட்கும் நாள் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

இங்கே பிள்ளை பிறந்தால்

தாதிப்பெண் வீட்டுக்கே வந்து பார்ப்பார், அந்தச் செலவைக் காப்பீடு தரும். கருவுற்றது உறுதியான உடனே தேடுங்கள், தாமதித்தால் கிடைக்காது. உதவிக்கு வரும் அம்மாவுக்கு விசா 180 நாளில் 90 நாள் மட்டும். 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடும் வேண்டும். இரண்டு பாட்டிகளும் ஒரே நேரத்தில் வராமல் ஒருவர் பின் ஒருவராக வந்தால் ஆறு மாதம் வீட்டில் ஆள் இருக்கும்.

பெற்றோர் ஒருவர் ஜெர்மானியர் என்றால் பிள்ளை பிறவியிலேயே ஜெர்மன் குடிமகன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அந்தப் பிள்ளைக்கு ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்குங்கள். இருவரும் இந்தியர்கள், இருவரும் இங்கே வந்து ஐந்தாண்டு ஆகவில்லை என்றால் பிள்ளை இந்தியக் குடிமகன்தான். பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், குடியிருப்பு அனுமதிக்கோ ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் வர வாரங்கள் ஆகும் என்பதால், பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே தூதரகத்தில் நேரம் கேளுங்கள்.