சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பி.சி.ஜி. ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தையின் தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து. கனடாவில் மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ் 1976இல் இதன் பலனை வெளியிட்டார். அன்று மருந்து 6 குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்ததால் வாரம் ஒன்றாக 6 வாரம் என்று வைத்தார். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. குழந்தைகளுக்கான குப்பி இதற்கு உதவாது. இங்கே தேவைப்படும் உயிருள்ள கிருமிகள் பல மடங்கு அதிகம்.

தசைக்குள் இறங்காத கட்டிக்குத்தான் இந்தச் சிகிச்சை. கட்டியைச் சுரண்டி எடுத்தபின் குறைந்தது 2 வாரம் பொறுக்க வேண்டும். புண் ஆறுமுன் ஏற்றினால் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். மருந்தை ஏற்றச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் போடும்போது ரத்தம் வந்தாலும், சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏற்றுவதற்கு 4 மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர், காபியைக் குறையுங்கள். சிறுநீர் அதிகம் ஊறினால் மருந்து நீர்த்துப்போகும், அடக்கிவைக்கவும் முடியாது. பையை முழுதாகக் காலி செய்தபின், சுமார் 50 மி.லி. உப்புநீரில் கலந்த மருந்தை டியூப் வழியே அழுத்தாமல் தானாக இறங்கவிடுவார்கள். 2 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த 6 மணி நேரம் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறுநீரின் அளவுக்கே பிளீச்சிங் திரவத்தை ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் உறவின்போது ஆணுறை அவசியம்.

எரிச்சல், அடிக்கடி சிறுநீர், லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருப்பது இயல்புதான். பலர் தவறுவது இங்கேதான்: எரிச்சலுக்கென்று மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது ஏற்றிய பி.சி.ஜி. கிருமியையே கொல்லக்கூடியது. மருத்துவரைக் கேட்காமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் எடுக்காதீர்கள். 101.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய், பி.சி.ஜி. ஏற்றியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிருமி உடம்பில் பரவியிருந்தால் ஐசோநையாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் கொடுப்பார்கள். காசநோய்க்குத் தரும் பைரசினமைடு இந்தக் கிருமியிடம் பலிக்காது.

6 வாரத்தோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. மறுபடி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 3, 6, 12, 18, 24, 30, 36ஆம் மாதங்களில் வாரம் ஒன்றாக 3 முறை ஏற்ற வேண்டும், முதல் 6 முறையையும் சேர்த்து மொத்தம் 27. எரிச்சல் தாங்கவில்லையென்றால் நீங்களாக விட்டுவிடாமல், இடைவெளி கூட்டலாமா, அளவு குறைக்கலாமா என்று கேளுங்கள்.