சக்கரம் இல்லாம கையாலயே ஒரு தயிர்ச் சட்டி செய்யிறது எப்பிடி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில எங்கட பெரியம்மா ஒராள் நாப்பது வருசமா சட்டி பானை செய்றவ, அவட முத்தத்தில குந்தி இருந்துதான் இத நான் பழகினன். மட்டக்களப்பில எருமத் தயிர் எண்டா சட்டியோடதான் கண்ணுக்குள்ள வரும், மண்சட்டி தயிர்த் தண்ணிய மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கிறதாலதான் தயிர் கத்தியால வெட்டுற மாதிரிக் கட்டியா நிக்கிது, பிளாஸ்டிக் கப்பில அவ்வளவு கட்டியா வராது.

முதல்ல மண். மாரி முடிஞ்சு குளத்துத் தண்ணி வத்தின பிறகு போங்க, மேல் மண்ண வழிச்சுப்போட்டு ஒரு அடிக்குக் கீழ இருந்து எடுங்க. கொஞ்சத்தப் பென்சில் மொத்தத்துக்கு உருட்டி விரல்ல சுத்திப் பாருங்க, வெடிக்காம வளைஞ்சா நல்ல களி. காயவச்சு, இடிச்சு, 2 நாள் தண்ணியில ஊறவிட்டு, பழைய நுளம்பு வலையால வடிச்சு, அடியில படியிற களிய ஒரு சாரத்தில கொட்டி இறுகவிடுங்க. மறுகா 5 பங்கு களிக்கு 1 பங்கு ஆத்து மணல் சேருங்க, மணல் இல்லாட்டிக் காயக்குள்ள வெடிக்கும். கடல் மணலோ வாவிக்கரை மணலோ வேணாம், அதுக்குள்ள கிடக்கிற மட்டி ஓடு நெருப்பில சுண்ணாம்பாகி, சுட்டு ஒரு கிழமையால ஈரத்த இழுத்து உப்பி, நல்லா இருந்த சட்டியில துண்டு துண்டாக் கழண்டு விழும்.

இனிக் காலால நல்லா மிதிச்சுப் பிசையுங்க. நூலால நடுவில வெட்டிப் பாருங்க, ஒரு சின்ன ஓட்டை தெரிஞ்சாலும் திருப்பிப் பிசையத்தான் வேணும்.

தோடம்பழம் அளவு உருண்டை எடுத்து, நடுவில பெருவிரல வச்சு அமத்தி, மத்தக் கையால சுத்திச் சுத்தி விரிச்சுக்கொண்டு வாங்க, அடி 1 சென்டிமீட்டர் மொத்தம் இருக்கட்டும். உயரத்துக்குக் களியக் கயிறு மாதிரி உருட்டி மேல மேல சுத்துங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு பக்கமும் கீறி, தண்ணியாக் கரைச்ச களியத் தடவி ஒட்டி, உள்ளுக்கும் வெளியாலயும் விரலால இழுத்து மூடிவிடுங்க, மேலால மட்டும் தடவினா காயக்குள்ள அந்த இடத்திலதான் பிரியும்.

அரை நாள் நிழல்ல விட்டா தோல் மாதிரி இறுகும். அப்ப உள்ளுக்கு ஒரு உருண்டைக் கல்லப் பிடிச்சு வெளியால சின்னப் பலகையால தட்டணும். பெரியம்மா கண்ண மூடிக்கொண்டு தட்டுவா, மொத்தமான இடத்தில சத்தம் அமுங்கிக் கேக்கும், மெல்லிசாக மெல்லிசாகத் திறந்து கேக்கும், அதக் காதாலயே பிடிக்கிறவ. விளிம்புக்குக் கீழ நகத்தால ஒரு வரிசை நெற்கதிர் வைப்பா, அந்த வருசம் வயல் வட்டையில கதிர் எப்பிடிச் சாஞ்சு நிண்டதோ அப்பிடியே சரிச்சு வைப்பா, அதால அவட ஒரு வருசத்துச் சட்டி மத்த வருசம் மாதிரி இராது. உங்கட அடையாளத்தையும் இந்த நேரத்திலதான் வைக்கோணும், பிந்தினா நகம் ஏறாது.

காயவைக்கிறதுதான் பொறுமை கேக்கிற வேலை. வறண்ட கச்சான் காத்து அடிக்கிற நாளில வெளியில வச்சா ஒரு பக்கம் மட்டும் காஞ்சு கீறி விழும், அதால நிழல்ல, விளிம்ப ஈரத்துணியால மூடி, ஒரு கிழமைக்கு மேல விடுங்க. சட்டியக் கன்னத்தில வச்சுப் பாருங்க, குளிர்ந்தா உள்ளுக்கு இன்னும் ஈரம் இருக்கு. நான் இதக் கேளாம 3 நாளில சூளைக்குள்ள வச்சன், உள்ளுக்குள்ள இருந்த தண்ணி ஆவியாகி வெடிச்சதில பக்கத்தில இருந்த பெரியம்மாட ரெண்டு சட்டியும் போயிட்டுது, அவ ஒண்டும் சொல்லல்ல, எனக்குத்தான் அண்டைக்குச் சோறு இறங்கல்ல.

சுடுறதுக்கு 2 அடி குழி காணும். முதல்ல சட்டியள ஓரமாச் சின்ன நெருப்புக்குப் பக்கத்தில 2 மணித்தியாலம் சூடாக்குங்க. மறுகா பொச்சுமட்டையும் விறகும் பரப்பி, சட்டியக் கவிழ்த்து அடுக்கி, மேல வைக்கல் போட்டுச் சேத்தால பூசி, புகை போகச் சின்ன ஓட்டையள் விட்டு மூட்டுங்க. 600 டிகிரிய எட்டினாத்தான் மண் திருப்பிக் கரையாத சட்டியாகும். காத்துப் பட்ட இடம் சிவக்கும், படாத இடம் கறுக்கும், ரெண்டும் வடிவுதான். அடுத்த நாள் தானா ஆறின பிறகுதான் திறக்கோணும், சூட்டோட எடுத்தா அந்த நேரமே கீறும்.

விரலால சுண்டிப் பாருங்க, கணீர் எண்டா சரி. ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணிய ஊத்தி மெல்லிய நெருப்பில கொதிக்கவிட்டு எடுங்க, சின்னத் துவாரங்கள் ஓரளவு அடைபடும். கழுவ சோப்பு போடாதீங்க, சட்டி அதையும் உறிஞ்சி அடுத்த தயிரில மணக்கும், தும்பும் சாம்பலும் போதும்.