ஆழ்கடல் பவளம், கடற்பஞ்சு: மாதிரியைக் கெடுக்கும் தவறுகள்

ஆழ்கடல் பவளம், கடற்பஞ்சு என்று ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் கப்பல் பயணத்தில் செய்கிற தவறுகள் பெரும்பாலும் நாங்கள் அந்த வயதில் செய்தவைதான். கையுறை போடாமல் கண்ணாடிக் கடற்பஞ்சைத் தொடுவது, வாந்தி மாத்திரையை மறப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. விரலில் நாலு முள் ஏறினால் தானாகப் புரிந்துவிடும். கரைக்கு வந்து பல மாதம் கழித்துத் தெரியவரும் தவறுகள்தான் ஆபத்து.

பஞ்சுக்குள் இருக்கும் தண்ணீரை மறப்பது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

1,000 மீட்டர் ஆழத்திலிருந்து கைப்பிடி அளவு கடற்பஞ்சு ஒன்று மேலே வருகிறது. மாணவர் அதை முழுசாகப் பாட்டிலில் அமுக்கி, 96 சதவீத எத்தனாலை விளிம்புவரை ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பார்வைக்கு எல்லாம் சரிதான். ஆனால் கடற்பஞ்சு தண்ணீரை வடிகட்டியே பிழைக்கிற உயிர். உடம்பு முழுக்க வாய்க்கால்கள். அதிலுள்ள கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, மோரில் தண்ணீர் விளாவியது போல எத்தனாலை நீர்க்கவைத்துவிடும். பஞ்சும் எத்தனாலும் சரிபாதியாக இருந்தால், மறுநாள் பாட்டிலில் மிஞ்சுவது ஐம்பது சதவீதச் சொச்சம்தான். அந்த வீரியத்தில் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் சரியாக அடங்காது. போதாததற்கு, சில இனங்களில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை பாக்டீரியாக்களே இருக்கும்.

ஒருமுறை அப்படி வைத்த பாட்டிலை ஆய்வகத்தில் திறந்தபோது வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டினால், டி.என்.ஏ. கிடைத்ததைக் காட்டும் பட்டை விழவில்லை. மறுபடி ஓட்டிக் கிடைத்த டி.என்.ஏ. வரிசையைத் தரவுத்தளத்தில் தேடினால், அது பாக்டீரியாவுடையது. கேட்டதற்கு, "ஆல்கஹால் கம்மியா இருந்துச்சு சார், மிச்சம் பிடிச்சேன்" என்றார் அந்தப் பையன். கலால் அனுமதி வாங்கி எத்தனால் எடுப்பது தலைவலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கப்பலின் ஒரு நாள் செலவு லட்சங்களில் போகிறது. அதே இடத்துக்குத் திரும்பப் போக யார் பணம் தருவார்கள்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாதிரி கப்பல் தளத்துக்கு வந்ததும் பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை வெட்டித் தனிக் குப்பியில் போடுங்கள். துண்டைப்போல நாலு மடங்காவது எத்தனால் இருக்கட்டும். சில மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றுங்கள், மறுநாள் இன்னொரு தடவை. முதல் எத்தனால் பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும். அதைக் கொட்டத் தயங்க வேண்டாம். மிச்ச உடலைப் பெரிய ஜாடியில் தனியாக வையுங்கள். அதற்கும் எத்தனால் மாற்ற வேண்டும்.

ஃபார்மலின்

மாதிரியைப் பதப்படுத்தும் இன்னொரு திரவம் இது. பஃபர் (அமிலமாவதைத் தடுக்கும் பொருள்) சேர்க்காத ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும். விசிறிபோல் கிளைக்கும் பவளமான கடல்விசிறியின் சுண்ணாம்பு ஸ்கிளிரைட்டுகள் (உடம்பிலுள்ள நுண்ணிய முட்கள்) அதில் கரைந்துபோகும். அப்புறம் எதை வைத்து இனம் காண்பீர்கள்?

அமிலமா, பிளீச்சா?

இனம் காண, சதையைக் கரைத்து முள்ளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கடற்பஞ்சின் சிலிக்கா முள்ளுக்கு இரண்டும் ஆகும். சுண்ணாம்பு முள்ளுக்கு பிளீச் மட்டும்.

லேபிள்

பென்சிலில் எழுதுங்கள். பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள்.

வலையில் வராததை 'இல்லை' என்று எழுதுவது

இழுவலை கண்ணாடிக் கடற்பஞ்சை நொறுக்கிவிடும். மேலே வருவது நார் போன்ற சிலாம்புகள். அதையும் சேறு என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள். கனடாவின் மேற்குக் கரையில் கண்ணாடிக் கடற்பஞ்சுகள் திட்டுத்திட்டாகப் பாறைபோல் வளர்ந்து நிற்பது 1987இல்தான் தெரியவந்தது. அதுவும் புவியியலாளர்கள் கடலடியை வரைபடமாக்கியபோது. உங்கள் அட்டவணையில் பூஜ்யம் போடுமுன் வலை என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

அளவைப் பார்த்து வயதைச் சொல்வது

பவளத்தைப் பார்த்து, சின்னச் செடி மாதிரி இருக்கிறதே, நாலைந்து வருடம் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். ஹவாய் கடலில் எடுத்த லியோபேதஸ் என்ற கருப்புப் பவளம் ஒன்றின் வயது, 2009இல் வெளியான ரேடியோகார்பன் ஆய்வின்படி, சுமார் 4,265 ஆண்டுகள். அதன் தண்டு வருடத்துக்குச் சில மைக்ரோமீட்டர்தான் தடிக்கிறது. ஆளில்லா நீர்மூழ்கியின் இயந்திரக் கைக்கு எட்டிவிட்டது என்பதற்காக அடியோடு பிடுங்காதீர்கள். டி.என்.ஏ.வுக்கு ஒரு கிளை நுனி போதும்.

அனுமதி

இந்தியாவில் கல்பவளம், கருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. செத்த துண்டானாலும் முதலில் தாள், பிறகு கப்பல்.

படம் எடுக்காமல் வெட்டுவது

எத்தனாலில் போட்டதும் நிறம் போய்விடும். நீட்டிக்கொண்டிருந்த பாலிப்புகள் (பவளத்தின் குட்டிக் குட்டி உயிர்கள்) சுருங்கிவிடும். எனவே தொடுவதற்கு முன்பே, நீர்மூழ்கியின் இரண்டு லேசர் புள்ளிகளும் தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அளவுகோல். அது எத்தனை சென்டிமீட்டர் என்பதை நீர்மூழ்கியை இயக்குபவரிடம் அன்றைக்கே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பலுக்குக் கப்பல் மாறும்.