ஆனந்தரங்கப் பிள்ளையின் சொந்தக் குரலைக் கேட்பது எப்படி?

பழைய நாட்குறிப்பு கையில் கிடைத்தால் போரையும் வருடத்தையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். எழுதினவர் எப்படிப்பட்ட ஆள் என்பது தப்பிப்போகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதை வைத்துப் பழகிப் பார்க்கலாம்.

முதலில், மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு உட்காராதீர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி. 1748 செப்டம்பர் மட்டும் போதும். ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். தமிழ்ப் பதிப்பையே எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். பேச்சு நடையில் எழுதியவர். காதில் விழுந்தால்தான் வாக்கியம் பிடிபடும்.

அடுத்து, பென்சிலால் வழக்கமான வரிகளை அடித்துவிடுங்கள். தேதி, கிழமை, கப்பல் வந்த சேதி, துரைக்கு (துய்ப்ளேயைத்தான் இப்படிச் சொல்கிறார்) போடும் மரியாதை அடைமொழி, எல்லாம். அந்தக் காலத்தில் எந்தக் கணக்குப்பிள்ளையும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

மிச்சத்தைக் கண்டது, கேட்டது, தான் பேசியது என்று பிரியுங்கள். துரையிடம் சொன்ன பதில்களைப் பிள்ளை நீளமாகவே எழுதுவார். அப்படியேதான் பேசினார் என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் தன்னைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, இப்போது அந்த மாதம் பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த நாளுக்கு வாருங்கள். அவர்களிடம் அவ்வளவு செல்வாக்கு இருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. அன்று யாருக்கெல்லாம் சந்தோஷம் என்று அடுக்குகிறார்: சம்பா கோயில் என்ற கிறிஸ்தவ ஆலயத்தின் பாதிரிமார், மதம் மாறியவர்கள், துரையின் மனைவி மதாம் துய்ப்ளே, துரை. உள்ளே நடந்த அக்கிரமத்தை எழுதி முடியாது என்கிறார். உலகமே முடியப்போகிறது என்று தமிழர்கள் நினைப்பதாகவும் எழுதுகிறார். தன் துக்கத்தை ஊரார் வாயில் வைத்துச் சொல்கிற ஆள் இவர் என்பது என் கணிப்பு. அது சரியா என்று சோதிக்க, மதாம் பெயர் வரும் இடங்களை மட்டும் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். அங்கே கோபத்தை யார் வாயிலாவது வைக்கிறாரா, நேராகவே கொட்டுகிறாரா?

ஒரு எச்சரிக்கை. இந்த நாட்குறிப்பு 1846இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. பிறகு பிரதி எடுத்தார்கள். மூல ஏடுகளில் சில தொலைந்தும் போயின. அதனால் ஒரு விசித்திர எழுத்தையோ சொல்லையோ பிடித்துக்கொண்டு பிள்ளையின் குணத்தை அளக்காதீர்கள், பிரதி எடுத்தவர் கைவரிசையாக இருக்கலாம். குறிப்பில்லாத நாட்களும் அப்படித்தான். அன்று மனம் உடைந்து மௌனமாகிவிட்டார் என்று கதை கட்டுவதற்கு முன், அந்த ஏடு மிஞ்சியிருக்கிறதா என்று பதிப்பின் முன்னுரையைப் பாருங்கள்.