‘அரசைச் சுருக்குவேன்’ என்பவருக்கு ஓட்டுப் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரியைக் குறைப்பேன், லைசென்ஸ் தொல்லையை ஒழிப்பேன், உங்கள் தொழிலில் அரசு தலையிடாது என்று பேசும் சுதந்திரவாத அரசியல்வாதிகளை மொபைலில் ஆர்வமாகக் கேட்கிற இளைஞர்கள் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கொள்கை எனக்கும் பிடித்ததுதான். பிடித்த கொள்கை என்பதற்காக அதைப் பேசுகிறவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதே என் கவலை.

மேடைப் பேச்சை அப்படியே ஆட்சியாக எண்ணிக்கொள்வது எல்லோரும் செய்கிற தவறு. அர்ஜென்டினாவில் ஹவியர் மிலே 2023 டிசம்பரில் அதிபரானார். வரி என்றாலே கொதிப்பவர் அவர். பதவிக்கு வந்த அதே மாதம், இறக்குமதிக்கு டாலர் வாங்குவதன் மீதான வரியை 7.5 சதவீதத்திலிருந்து 17.5 சதவீதமாக உயர்த்தினார். கஜானா காலி என்பது அவர் சொன்ன காரணம். அமைச்சகங்களைப் பாதியாகக் குறைத்ததும், அந்த வரியை ஓராண்டில் முடிவுக்கு வரவிட்டதும் உண்மைதான். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்த அதே மாதம் அவர் கை வரியின் பக்கமும் போனது.

இதைவிடப் பெரிய தவறு, ‘சுதந்திரம்’ என்று அவர் சொல்வதும் நாம் நினைப்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது. லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் ராஜாஜி. அதே ராஜாஜிதான் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று அன்றைய முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொண்டார். தொழிலதிபருக்கு அவர் கேட்ட சுதந்திரம் பனையேறிக்குக் கிடையாது.

இது நம் ஊருக்கு வெறும் வரலாறு இல்லை. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர்; தடவாமல் விட்டால் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளாவில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. இந்தப் பக்கமோ 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். ஆகவே தொழில் சுதந்திரம் பேசும் வேட்பாளர் வந்தால் முதலில் கள்ளைப் பற்றிக் கேளுங்கள். அங்கே மழுப்பினால் அவர் பேசுவது யாருடைய சுதந்திரம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், ஆள் நல்லவர், அதனால் மாறமாட்டார் என்ற நம்பிக்கை. கட்சி அவரை விட்டால்தானே? 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். தனிக் கட்சி தொடங்கலாமே என்றால், 1989 முதல் அமலில் உள்ள விதிப்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் கட்சி சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிமுறையிலேயே எழுதித்தர வேண்டும். சோஷலிசத்தை எதிர்க்கவே கட்சி தொடங்குகிறவர் முதல் நாளே மனசாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துப் போடுகிறார்.

கூட்டணிக் கணக்கு வேறு. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்ன தி.மு.க.வுடன் சுதந்திராக் கட்சி சேர்ந்தது. 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் தி.மு.க. ஆதரவு பெற்ற சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ். இரண்டே ஆண்டில், 1971இல், அதே கட்சி காமராஜரின் பக்கம். கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போட்ட நாகர்கோவில்காரர் இதில் எதைப் பின்பற்றியிருக்க முடியும்?

பழியை அரசியல்வாதி மேல் மட்டும் போடுவதும் சரியில்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் விவசாயிக்கு விலை விழுந்தால் இறக்குமதி வரி வேண்டும். டயர் கம்பெனிக்கு அந்த வரி வேண்டாம். சுதந்திர வர்த்தகம் பேசி இங்கே நிற்பவர், ரப்பர் என்று வந்ததும் பேச்சை மாற்றினால், மாற்ற வைத்தது நம் ஓட்டுத்தான். மரம் வெட்ட அனுமதி கேட்டு அலையாமல் இருக்க அரசு விலக வேண்டும், விலைக்கு மட்டும் அரசு வர வேண்டும் என்று நாமே கேட்கிறோம். அந்த விவசாயியின் கஷ்டம் நிஜம். அதை மதித்தபடியே இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாம் ஒன்றுதான், நோட்டாவை அழுத்துவோம் என்று முடித்துக்கொள்வதும் தவறு. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அடுத்து அதிகம் பெற்ற வேட்பாளரே ஜெயிப்பார். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை 1991 ஜூலையில் ஒழித்தது சுதந்திராக் கட்சி இல்லை. அது 1974இலேயே வேறு கட்சியில் கரைந்துவிட்டது. ஒழித்தது நரசிம்ம ராவின் காங்கிரஸ் அரசு, அதுவும் அன்னியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தபோது. ராஜாஜி பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்த வாதம் அன்றைக்குத் தயாராக இருந்தது. அதனால் வேட்பாளரின் கட்சிப் பெயரை விட்டுவிட்டு, எந்த விதியை நீக்குவார், அதனால் யாருக்கு நஷ்டம், கட்சி தடுத்தால் என்ன செய்வார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜெயித்த பிறகு சபையில் எப்படி வாக்களித்தார் என்பதையும் தேடிப் பாருங்கள்.