நால்வர் கூற்றில் ஒரு துக்கம்: பள்ளி வன்முறை நாவலைக் கூடி வாசிக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் ஊர்க் கிரந்தசாலையில் (நூலகத்தில்) மாதம் இரண்டு முறை தமிழ் வாசகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கனடா எழுத்தாளர் டக்ளஸ் கூப்லண்ட் 2003-இல் வெளியிட்ட ‘ஹே நாஸ்ட்ரடாமஸ்!’ என்ற நாவலை அவ்வாறு நான்கு அமர்வுகளில் படித்தோம். ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர் ஒருவர் பகுதி பகுதியாகத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டோம். இந்நாவலை வேறு ஊர்களில் கூடி வாசிக்க நினைப்பவர்களுக்காக எங்கள் முறையை எழுதுகிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் அமர்வுக்கு முன்பே இக்கதை எதைப் பற்றியது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். 1988-இல் வடக்கு வான்கூவரில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் மூன்று மாணவர்கள் துப்பாக்கியால் சுடுகிறார்கள். கதையின் முதற்குரலான செரில் அங்கே இறக்கிறாள். நாங்கள் இதைச் சொல்லாமல் தொடங்கிவிட்டோம். மகனை இழந்த ஒரு தாய் பாதியில் எழுந்து போய்விட்டார். அது என் தவறு. அந்த மாலையை நான் இன்னும் மறக்கவில்லை. சுடும் காட்சியை உரக்க வாசிக்க வேண்டாம். அவரவர் வீட்டில் படித்து வரட்டும், விரும்பாதவர் சுருக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து, கரும்பலகையில் கூற்று, கேட்போர், களன் (பேசும் இடம்), காலம், எச்சம் (சொல்லாமல் விடப்பட்டது) என்ற ஐந்து சொற்களை எழுதுங்கள். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் உறுப்புகளில் இவை அடங்கும். அகப்பாடலைக் கையில் எடுத்தவுடன் இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரிடம் சொல்லப்படுகிறது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இந்நாவலைத் திறப்பதற்கு மிகச் சரியான சாவி என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இதன் நான்கு பகுதிகளும் நான்கு ஆண்டுகளில் நான்கு பேர் பேசும் கூற்றுகள்: 1988-இல் செரில், 1999-இல், அவள் இறக்கும் முன் அவளை ரகசியமாக மணந்திருந்த ஜேசன், 2002-இல் ஜேசனோடு வாழ்ந்த ஹெதர், 2003-இல் ஜேசனின் தந்தை ரெஜ்.

செரில் பேசும் களனில் நெடுநேரம் நில்லுங்கள். அவள் உயிரோடும் இல்லை, மறுவுலகை அடைந்தும் விடவில்லை. இடையிலிருந்து பேசுகிறாள், அவள் பேச்சினூடே பிறரின் வேண்டுதல்கள் கேட்கின்றன. எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவரே பேசுவதுபோலப் பாட்டி பாடியதைக் கேட்டவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகப் படவில்லை. ஒருவர் அதை உடனே சொன்னார். அதன் பிறகே உரையாடல் சூடு பிடித்தது.

செரில் தன் குறிப்பேட்டில் எழுதிய வரி மொழிபெயர்ப்பில் தொலையும் இடம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வரிசையை ஓரிடத்தில் பிரித்தால் ‘கடவுள் எங்குமில்லை’ (God is nowhere) என்றும், வேறிடத்தில் பிரித்தால் ‘கடவுள் இப்போது இங்கே’ (God is now here) என்றும் பொருள் தரும். இதைப் பிரிமொழிச் சிலேடை என்று அறிமுகப்படுத்துங்கள். பிறகு எந்தப் பிரிப்பு சரி என்று தீர்க்க முயலாதீர்கள். நாவலின் நம்பிக்கை முழுவதும் அந்த ஓர் இடைவெளியில் ஊசலாடுகிறது.

நம்பிக்கையைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை தேவை. எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள், மீதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். நாவலில் வருவதோ, ஒருவர் பாவத்தை மற்றவர் வேவு பார்க்கும் இளையோர் பக்திக் குழு ஒன்றின் வட அமெரிக்கச் சூழல். அதை நம் ஊர்ச் சபைகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் கதை கைநழுவிவிடும்.

இரண்டாம் அமர்வில் கேட்போர் யார் என்பதே முதற்கேள்வி. ஜேசன் தன் அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிறான். அன்று சுட்டவர்களில் ஒருவனைக் கல்லெறிந்து கொன்று மற்றவர்களைக் காத்தவன் அவனே. ஆயினும் ஊர் அவனைக் கூட்டாளி என்று சந்தேகிக்கிறது, தந்தை அவனைக் கொலைகாரன் என்கிறார். பதினோரு ஆண்டுகள் கழித்தும் அவனால் பெரியவர்கள் எவரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை என்பதைக் கேட்போரின் வயதே காட்டிவிடுகிறது.

ஹெதரின் பகுதியை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம். அவள் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். பிறர் சொல்வதைப் பதிவு செய்தே பழகியவள், காணாமல் போன ஜேசனின் ஒரு சொல்லுக்காக ஏங்குகிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எச்சம் என்ற சொல்லை இங்கே எடுங்கள். சுட்ட மூவருக்கும் தனிக் கூற்று கிடையாது. ஏன் என்று கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றவர்களின் பெயர்களே செய்திகளில் அதிகம் ஒலித்தன என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், ஆசிரியர் துக்கப்படுகிறவர்களுக்கே நாவலின் பக்கங்களைக் கொடுத்திருப்பதன் கனத்தை உணர்வார்கள்.

ரெஜின் பகுதிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். முந்தைய கூற்றுகளில் பெரும்பாலும் கொடியவராகத் தெரிந்தவர் கடைசியில் தானே பேசுகிறார், அதுவும் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத மகனிடம். காலம் இங்கே வேலை செய்கிறது: இதே பகுதி முதலில் வந்திருந்தால் நாம் அவர் பக்கம் சாய்ந்திருப்போம், இடையில் வந்திருந்தால் வெறுத்திருப்போம். எழுதிய கடிதத்தைப் படியெடுத்துக் காட்டு மரங்களில் ஒட்டப் போகிறார். அந்தக் கடைசிப் பக்கங்களைக் குரல் நடுங்காமல் வாசிக்கக்கூடியவரிடம், முடிந்தால் வயதான தகப்பன் ஒருவரிடம் கொடுங்கள்.

அதன்பின் உடனே பேச வேண்டாம். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இனிப் படிக்க முடியாத ஒருவருக்கு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்படி யாரையும் கேட்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் முதல் நாள் எழுந்து போன அந்தத் தாய் நான்காம் அமர்வுக்கு வந்திருந்தார். தாளின் இரு பக்கமும் எழுதி, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.