வாட்ஸ்அப்பில் வரும் வேலை: நாம் செய்யும் தவறுகள்

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி. டிக்கெட் இலவசம். அனுபவம் தேவையில்லை." இப்படி ஒரு செய்தி வந்தால், சிங்கப்பூரில் இருக்கும் நாம் ஊரில் வேலை தேடும் தம்பிக்கு அதை அப்படியே ஃபார்வர்ட் செய்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ஃபார்வர்ட் இல்லை, "சிங்கப்பூர் அண்ணன் அனுப்பியது". ஏஜென்ட் காசு கொடுத்தாலும் வாங்க முடியாத நம்பிக்கையை நாமே இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த மாதிரி வேலைகளைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சு 2022லேயே எச்சரித்தது. தாய்லாந்து வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைத்தார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேர், கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2023 அறிக்கை. நம் போனுக்கு வரும் மோசடிச் செய்தியைத் தட்டச்சு செய்பவரே அடைபட்டுக் கிடப்பவராக இருக்கலாம்.

சிங்கப்பூர் வேலை என்றால் பலரும் செய்யும் தவறு, ஏஜென்ட் அனுப்பிய லிங்க்கிலேயே போய்ச் சரிபார்ப்பது. ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கு சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முதலில் தரும் ஒப்புதல் கடிதம், போலியென்றால் லிங்க் மட்டும் எப்படி அசலாக இருக்கும்? அதன் பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மனிதவள அமைச்சின் இணைய முகவரியை நாமே தட்டி, உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் ஏஜென்சியைத் தேட வேண்டும். வேலை அனுமதியின் நிலையையும் அங்கேயே பார்க்கலாம். அப்புறம் ஐபிஏவில் உள்ள சம்பளத்தைப் படியுங்கள். சொன்ன தொகை வேறு, கடிதத்தில் உள்ள தொகை வேறு என்றால், "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி ஊழியரிடம் வேலைக் காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஆனால் ஊர் ஏஜென்ட் வாங்குவதை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. பெரும் கடன் அங்கேதான் ஏறுகிறது. கடன் ஏறிய ஆளை மிரட்டுவது சுலபம்.

"அவனே விரும்பித்தானே வந்தான், இது எப்படி ஆள்கடத்தல்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. 2015 மார்ச்சில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்கு ஆள் சேர்த்திருந்தால், அவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை. முதல் குற்றத்துக்கே 10 ஆண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம், பிரம்படியும் விதிக்கப்படலாம். "சரி என்று சொல்லித்தானே வந்தேன்" என்று கூசிக்கொண்டு புகார் கொடுக்காமல் இருப்பவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சிக்கிய பிறகு வரும் தவறுகள் வேறு. பயத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கக் கூடாது. ஏஜென்ட்டின் எண், பணம் போன கணக்கு, குரல் பதிவு எல்லாமே சாட்சி. தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனில் படம் எடுத்துவையுங்கள். உள்ளே இருப்பவர் ரகசியமாகச் செய்தி அனுப்பினால் உடனே திருப்பி அழைக்காதீர்கள். போன் யார் கையில் இருக்கிறதோ! அவர் முகத்தை டிக்டாக்கில் போட்டு நியாயம் கேட்பதும் வேண்டாம், அடி அவருக்குத்தான் விழும். சிங்கப்பூரில் நடந்தது என்றால் காவல்துறை, மனிதவள அமைச்சு, அல்லது வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. வேறு நாட்டில் சிக்கிய இந்தியர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகம்.